ஒன்பதாம் நம்பர் கண்ணாடி

எட்டும் உடையவில்லை. தங்கபுஷ்பம் ஏணியின் ஐந்தாம் படியில் நின்று, இடது கையால் ஏணிக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த லென்ஸை மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், நம்பாமல் மறுபடி பார்த்தாள், லென்ஸை முந்தானையில் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தளவு கண்ணாடி, அதற்கு அடியில் மயிரிழையாய் ஓடுகிற கீறல், கீறலுக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டுப் பசை, இந்தப் பக்கம் ஒரு பொட்டுப் பசை, ஓரத்தில் அவளே கறுப்பு மையில் எழுதிய எட்டு என்ற நம்பர், ஆகஸ்ட் மூன்று என்ற தேதி. வைத்தது வைத்தபடி இருந்தது. டிசம்பர் பிறந்து ஒன்பது நாளாயிற்று. நடுவில் மண் காய்கிற ஒரு வெயிலும் மண் ஊறுகிற ஒரு மழையும் போய்விட்டன. சுவர் நகர்ந்திருந்தால் இந்தக் கண்ணாடி நகர்ந்த அன்றைக்கே பட்டென்று போயிருக்கும், ஏனென்றால் இது ஜன்னல் கண்ணாடி இல்லை, மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலின் மேல் மூடி வைக்கிற கவர் ஸ்லிப், ஊதினால் பறக்கும், கொஞ்சம் முறைத்துப் பார்த்தால் உடையும். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து லேபில் இருபத்தொன்பது வருஷம் இவற்றைக் கழுவித் துடைத்து அடுக்கிய கை அவளுடையது, எத்தனை நூறு உடைந்திருக்கிறது, எவள் கையில் உடைந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இவை பள்ளிக்கூடத்துப் பெட்டியிலிருந்து எடுத்தவை இல்லை, சொந்தக் காசில் வாங்கியவை. அதை யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். ஒன்று முதல் எட்டு வரை முழுசு. எட்டுக்கு எட்டு. பரீட்சையில் இப்படி வாங்கியிருந்தால் அப்பா அன்றைக்கே ரவா லட்டு வாங்கி வந்திருப்பார். பத்தும் பதினொன்றும் கைப்பிடிச் சுவருக்கடியில் இருந்தன. நேற்றே மொட்டைமாடியில் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கப்போட்டுப் பார்த்தாயிற்று, அவையும் முழுசு. மிச்சம் ஒன்பது.

ஒன்பதுதான் வில்லங்கம். படுக்கையறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிற கீறல் அது. மற்றவை வலை வலையாக, வெயிலில் காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி சிலந்திக் கோடுகள். இது ஒன்று மட்டும் குறுக்கே ஒரு போக்காய்ப் போனது. கண்ணாடி சன்ஷேட்டுக்குச் சற்று மேலே இருந்ததால் கீழே நின்று பார்த்தாலும் தெரியாது, மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் அவ்வளவு கீழே கண் எட்டாது, ஏணி போட்டு ஏறினால்தான் உண்டு. ஜூன் மாதம் கீறல்களைப் போனில் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பியபோது, அண்ணன் சாமுவேல் அதைத் தாம்பரத்தில் தனக்குத் தெரிந்த இன்ஜினியரிடம் காட்ட, அந்த மனுஷன் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு இந்தச் சாய்வுக் கோட்டின் மேல்தான் விரலை வைத்தாராம். "கரிசல் மண்ணு, அஸ்திவாரம் இறங்குது, ஜன்னல் மூலையில சாஞ்சு வெடிச்சா வேற அர்த்தமே இல்லன்னு சொல்லிட்டாரு, புஷ்பம். காயும்போது சுருங்கும், மழை பெஞ்சா உப்பும், வீட்ட ஊஞ்சல் ஆட்டிரும். வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுட்டு இங்க வா. ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குட்டி தனி வீடு? மைனி ஒனக்காக பீரோல ரெண்டு தட்டு ஒதுக்கி வச்சிருக்கா." இரண்டு தட்டு. அந்தச் சொல் அவள் தொண்டையில் மீன் முள்ளாய் நின்றது, ஆறு மாதமாய் நிற்கிறது. ஐம்பத்து மூன்று வயது, ஒரு வேலை, ஒரு வீடு, ஒரு வேப்பங்கன்று, சமையலறையில் தன் இஷ்டப்படி வைத்த பதினாறு டப்பா, இதெல்லாம் சேர்ந்து இரண்டு தட்டுக்குள் அடங்கிவிடும் என்று அண்ணன் பெண்டாட்டி கணக்குப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு வீம்புக்கு ஒரு வாக்குக் கொடுத்துத் தொலைத்தாள். "மழை முடியட்டும் அண்ணே. நான் கண்ணாடி ஒட்டி வைக்கேன். ஒரே ஒரு கண்ணாடி ஒடஞ்சிருந்தாலும் நீங்க சொல்லுத எடத்துல கையெழுத்துப் போடுதேன்." அண்ணன் விடுவானா? அந்த இன்ஜினியரையும் கூட்டிக்கொண்டு நேற்று ராத்திரி வண்டி ஏறிவிட்டான். வண்டி ஏழரைக்கு வந்து சேரும். இப்போது ஆறே முக்கால். அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்துவிட வேண்டும்; நல்லதோ கெட்டதோ, தன் வீட்டுச் சங்கதியை அடுத்தவர் வாயால் கேட்கிற பழக்கம் போதும்.

அவள் இறங்கினாள். கீழே நின்று சுவரைத் தொட்டாள். மழமழவென்று இருந்தது, கீறலையும் மீறி மழமழவென்று இருந்தது, அதுதான் அவள் ஆசைப்பட்டது. வாடகை வீடுகளின் சுவர்கள் எல்லாம் சொரசொரப்பு. அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் மாற்றல், சாத்தூர், கயத்தாறு, விளாத்திகுளம், போன ஊரிலெல்லாம் ஒண்டுக் குடித்தனம், குறுகலான நடையில் ஓடும்போது முழங்கை உரசித் தோல் கிழியும், அம்மா மஞ்சள் வைப்பாள், வீட்டுக்காரம்மா வந்து செவத்துல மஞ்சக் கற ஆயிரும்னு கத்துவாள். ஆணி அடிக்கக் கூடாது. அது எல்லா ஊர் வீட்டுக்காரரும் சொல்லி வைத்ததுபோல் சொன்ன வார்த்தை. காலண்டரை ஜன்னல் கம்பியில்தான் கட்டுவார்கள், காற்றடித்தால் தேதி படபடவென்று அடித்துக்கொள்ளும். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் செய்த முதல் வேலை நடு ஹாலில் ஒரு ஆணி அடித்ததுதான். மாட்டுவதற்கு எதுவுமில்லை, சும்மா அடித்தாள், அடித்துவிட்டு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தபடி அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக, வெளிச்சுவர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா? கொம்பையா கொத்தனார் அப்போதே தலையைச் சொறிந்தார். "வெளிச் செவுத்துக்குப் பாலு வேண்டாம் டீச்சரம்மா. அடியில மணலு கலந்த பூச்சு, அது நின்னு நெதானமாச் சுருங்கும். மேல வெறும் சிமெண்டப் பாலாக் கரைச்சுத் தேச்சா அது அவசரமாச் சுருங்கும். ரெண்டும் ஒத்துப் போவாது. சொரசொரன்னு விட்டுருவோம், அதுதான் வெயிலுக்குத் தாங்கும்." அவள் கேட்டால்தானே. லேப் மேஜையைத் துடைக்கிற மாதிரி என் வீட்டுச் சுவரைத் துடைக்கணும், நீங்க தேயுங்க என்றாள். தேய்த்தார். வீட்டுக்காரி சொன்னால் தேய்க்கத்தானே வேண்டும். தேய்த்துவிட்டு, தேதி எத்தனை என்று கேட்டார், சாம்பல் புதனுக்கு இன்னும் பத்து நாள் என்றாள், அன்றைக்கு லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டால் நாற்பது நாளைக்குப் புதுவீட்டுப் பிரதிஷ்டை வைக்க முடியாது, அதற்குள் சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணியாக வேண்டும், வந்த சபையாருக்குப் பிரியாணி போட்டாக வேண்டும். ஏழு நாளாவது சுவரை நனைக்கணும் டீச்சரம்மா, காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க, மறந்துராதீங்க என்றார். நனைத்தாள். முதல் நாள் நனைத்தாள், இரண்டாம் நாள் நனைத்தாள், மூன்றாம் நாள். மூன்றாம் நாள் என்று வந்ததும் மனது வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஏணியை நகர்த்த வேண்டும், மணியாகிறது.

ஏணி அடம்பிடித்தது. எதிர்வீட்டு அன்னபாக்கியம் அக்காவிடம் இரவல் வாங்கிய மூங்கில் ஏணி, அக்காவைப் போலவே கனம். அதை ஜன்னல் பக்கம் இழுத்துச் சாய்க்கிற சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது, அக்கா காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்தாள். "என்ன லேப் டீச்சர், கண்ணாடி என்ன சொல்லுது?" "பத்து நல்லாருக்கு அக்கா. ஒண்ணு பாக்கணும்." "அந்தக் கொம்பையாவக் கட்டி வச்சு ஒதைக்கணும். ஒங்க வீட்டுக் கதியப் பாத்துட்டுத்தான எங்க காம்பவுண்டு செவுத்த நான் வேற ஆளுக்குக் குடுத்தேன்." தங்கபுஷ்பம் ஆமாம் என்று தலையாட்டாமல் ஏணியை ஊன்றிச் சாய்த்தாள். ஜூன் மாதம் இதே தெருவில், இதே அக்காவும் இன்னும் நாலு பேரும் பார்க்க, கொம்பையாவை நிற்க வைத்து அவள் கேட்ட கேள்வி அப்படி. "மண்ண அள்ளி அப்பிட்டுப் போயிட்டீரு. ஒரு பொம்பள தனியா நின்னு கட்டுதான்னுதான இந்த வேல பாத்தீரு?" தன் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று அவளுக்கே அன்றுதான் தெரியும். அந்த மனுஷன் சுவரிடம் போனார். சுவரை விரல் கணுவால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், ஒரு வார்த்தை சொல்லப் போனவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். கடைசியில், "குறுக்க கண்ணாடிச் சில்லு ஒட்டிப் பாருங்க டீச்சரம்மா. வீடு நகந்தா அது சொல்லும். நான் சொன்னா எடுபடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவிஎஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை நடந்து, அங்கே போய்த்தான் ஏறினார். ஏன் தள்ளிக்கொண்டு போனார், இங்கேயே கிளப்பியிருக்கலாமே என்று ஆறு மாதமாய் அவளுக்குக் கேள்வி. சத்தம் போட்டுக் கிளம்பினால் கோபித்துக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் சொன்னதைத்தான் அவள் செய்தாள், ஆனால் அண்ணனிடம் சொல்லும்போது தன் சொந்த யோசனை என்று சொன்னாள். சில்லுக்குப் பதில் கவர் ஸ்லிப் என்பது அவள் யோசனைதானே, அதனால் பாதிப் பொய்.

ஏறினாள். ஒரு படி, இரண்டு படி, மூங்கில் முனகியது. ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்து லேபில் உட்கார்ந்திருக்கும்போது ஏதோ ஒரு பிள்ளை பீக்கரைக் கீழே போட்டால் அவளுக்கு முதலில் நினைவு வருவது பீக்கர் இல்லை, ஒன்பது. யார்டீ அது என்று கத்துவதற்குப் பதில் எத்தனையாவது நம்பர் என்று ஒருநாள் அவள் கேட்க, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மழை விடாமல் கொட்டிய அந்த நாலு நாளும், தன் வீட்டுக்கடியில் கரிசல் மண் நனைந்து நனைந்து பொங்குவதாகவே தோன்றியது, மாவு பொங்குகிற மாதிரி, மூடியைத் தள்ளிக்கொண்டு. அஸ்திவாரத்துக்குக் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் கிராவலும் கொட்டி இடித்துக் கெட்டித்தது அவள் கண் முன்னால்தான் நடந்தது, லீவு போட்டுவிட்டுக் குடை பிடித்து நின்றாள், கொம்பையா ஒவ்வொரு அடுக்குக்கும் அவளைக் கூப்பிட்டு மிதித்துப் பார்க்கச் சொன்னார், மிதித்துப் பார்த்தாள், கல்லாய் இருந்தது. அதெல்லாம் இருந்தும் பயம் போகவில்லை. பயத்துக்குச் சாட்சி சொன்னால் கேட்காது. நாலாம் படி. ஐந்தாம் படி. இரண்டு தட்டு. ஆறாம் படியில் தலை சன்ஷேட் மட்டத்துக்கு வந்தது, ஏழாம் படியில் கண் வந்தது, அவள் ஒன்பதாம் நம்பரைப் பார்த்தாள், அங்கே ஒன்பதாம் நம்பர் இல்லை. கண்ணாடியும் இல்லை, பசையும் இல்லை, நம்பரும் இல்லை. போச்சு என்று வாய்விட்டுச் சொன்னாள். விழுந்துவிட்டது, நகர்ந்திருக்கிறது, நகர்ந்ததில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, அண்ணன் சொன்னது சரி, இன்ஜினியர் சொன்னது சரி, பத்து முழுசாக இருந்து என்ன, ஒரே ஒன்று என்று அவள்தானே வாக்குக் கொடுத்தாள், கையெழுத்துப் போட வேண்டியதுதான், வேப்பங்கன்றைப் பிடுங்கிக்கொண்டு போக முடியுமா, தாம்பரம் பால்கனியில் வேம்பு வளருமா, நடு ஹாலில் உள்ள ஆணியை வாங்க வருகிறவன் பிடுங்கிவிடுவானே. கீழேயிருந்து அன்னபாக்கியம் அக்கா, "என்ன டீச்சர், என்னாச்சு?" என்றாள்.

அப்போதுதான் சன்ஷேட்டின் மேல், மழைத் தண்ணீர் வற்றி வண்டல் படிந்த இடத்தில், ஏதோ மின்னியது. கையை நீட்டி எடுத்தாள். கண்ணாடி. ஒன்பது என்று எழுதிய கண்ணாடி, ஆகஸ்ட் மூன்று, இரண்டு பக்கமும் பசை, முழுசு, மூலைகூட உடையாமல் முழுசு. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்ட் ஓடு, முட்டை ஓட்டை விடக் கொஞ்சம் தடிமன், ஒரு பக்கம் மழமழ, மறுபக்கம் சொரசொர. கீறல் அந்த ஓட்டின் நடுவில்தான் ஓடியது, ஓட்டை இரண்டாகப் பிளந்திருந்தது, கண்ணாடிதான் அந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் இருபத்தொன்பது வருஷத்து வெங்காயங்கள் எல்லாம் ஒன்றாய் ஞாபகத்துக்கு வந்தன. வெங்காயத்தை நாலாக வகுந்து, ஒரு மடலை எடுத்து, உள்பக்கம் நகத்தால் கீறினால் மெல்லிசாய்த் தோல் உரிந்து வரும். தோலைத்தான் கிழிக்கிறோம் பிள்ளைகளா, மடலுக்கு ஒன்றும் ஆகாது என்று வருஷத்துக்கு நாலு தடவை அவளே சொல்லிக் கொடுத்த பாடம். அவசரமாக ஓடு உரிந்த இடத்தைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மணல் மணலாய்ப் பூச்சு, அதில் கோடு இல்லை. லென்ஸை வைத்தாள், கோடு இல்லை. விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தாள், நகம் எங்கேயும் இடறவில்லை. இடுப்பில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை வாயால் கடித்துத் திறந்து அந்த இடத்தில் பீய்ச்சினாள், கறுத்தது, காத்திருந்தாள். கீறல் இருந்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், மற்ற இடம் காய்ந்த பிறகும் அது மட்டும் கறுப்பாய்த் தெரியும், கீழ்ச் சுவரில் எல்லாக் கீறலையும் அவள் அப்படித்தான் கண்டுபிடித்தாள். மார்கழி வரப்போகிற காற்று லேசாய் அடித்தது. ஓரம் வெளுத்தது, நடு வெளுத்தது, மெல்ல மெல்ல முழுசும் வெளுத்தது, ஒரு கறுப்பு மயிரிழைகூட மிஞ்சவில்லை. சுவர் நல்லாருக்கு. என் சுவர் நல்லாருக்கு. தங்கபுஷ்பம் ஏழாம் படியில் நின்று சிரித்தாள், சிரிப்பில் ஏணி ஆடியது, ஆடினால் ஆடட்டும், வீடு ஆடவில்லை.

பாட்டிலைச் செருகிக்கொண்டு, இடுப்பிலிருந்த பழைய தோசைக் கரண்டியை எடுத்தாள், அதைத்தான் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு வைத்திருந்தாள். சாய்வுக் கோடு போகிற வழியெல்லாம் தட்டினாள், டொப் டொப் என்று பொய்ச் சத்தம் வந்தது, கரண்டி முனையைக் கொடுத்து நெம்பினாள், ஓடு பெயர்ந்து விழுந்தது, அடியில் கோடு இல்லை. இன்னும் மேலே தட்டினாள், நெம்பினாள், விழுந்தது, கோடு இல்லை. இன்னும், இன்னும். இத்தனை மாதம் வீட்டைப் பிளக்கப் போகிற பூதம் என்று பயந்தது வெறும் தோல், அதுவும் அவளே ஆசைப்பட்டு, அவளே அடம்பிடித்துப் பூசச் சொன்ன தோல். தோல் தன் பாட்டுக்குச் சுருங்கியிருக்கிறது, கொம்பையா சொன்ன மாதிரியே அவசரமாகச் சுருங்கியிருக்கிறது. அவருடைய பூச்சு அடியில் அப்படியே நின்றது, நின்று நிதானமாய். மண்ணை அள்ளி அப்பியதாம். சொன்ன வாயைத் தைக்க வேண்டும். இனி மனது திரும்பிக்கொள்ள இடமில்லை, மூன்றாம் நாள் வந்து முன்னால் நின்றது, வரட்டும் என்று அவளும் நின்றாள். மூன்றாம் நாள் சீரியல் லைட் கட்ட வந்தவர்கள் இந்தச் சுவரெங்கும் சின்னச் சின்ன ஆணி அடித்து வயர் ஓட்டினார்கள், செவத்த நனைச்சிராதீங்கம்மா ஷாக்கடிச்சிரும் என்றார்கள், பிரதிஷ்டைக்கு வருகிறவர்கள் தெருமுனையிலிருந்தே பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்ற ஆசையில் அவள் ஹோஸைச் சுருட்டிவிட்டாள். மாசிக்கு முன்னாலேயே வறண்ட காற்று, மேற்கு வெயில், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வாயைப் பிளந்தது சுவர்தான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஐயரிடம் சொல்லவில்லை, ஜெபத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். தப்பு என்னுது என்று இப்போது சொல்லிப் பார்த்தாள். கசக்கும் என்று பயந்தால் தித்தித்தது. தப்பு என்னுதாக இருக்கட்டும், நூறு தடவை இருக்கட்டும், வீடு என்னுதாக இருக்கிறதே. அங்கேயே நின்று, இடுப்பிலிருந்த போனை எடுத்து, ஆறு மாதமாய் அழிக்காமலும் கூப்பிடாமலும் வைத்திருந்த நம்பரை அழுத்தினாள்.

"யாரு, டீச்சரம்மாவா?" என்றார் கொம்பையா. பின்னால் மண்வெட்டியில் கலவை கிளறுகிற சத்தம். "கண்ணாடி ஒடஞ்சிருச்சா?" "ஒடையல கொம்பையா. பதினொண்ணும் முழுசு. மேல தேச்ச பாலுதான் ஓடா உரியுது. உம்ம பூச்சுல ஒரு கோடு கெடையாது." அந்தப் பக்கம் சத்தம் நின்றது. "தப்பு என் பேர்ல. நீரு வேண்டாம்னு சொன்னீரு, நான்தான் கேக்கல. தெருவுல வச்சு உம்மப் பேசினதும் தப்பு." கொம்பையா ஒரு தடவை செருமினார். பிறகு, "டீச்சரம்மா, காத்துச் சத்தமாக் கேக்குதே, எங்க நின்னு பேசுதீங்க?" "ஏணியில." "மொதல்ல எறங்குங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன், வாரேன்" என்று வைத்துவிட்டார். அவள் இறங்கவில்லை. தெருமுனையில் ஆட்டோ திரும்பியது, அதிலிருந்து அண்ணனும், முதுகில் பையோடு ஒரு ஒல்லியான மனிதரும் இறங்கினார்கள். அண்ணன் அண்ணாந்து பார்த்தான், காலடியில் கிடந்த சிமெண்ட் ஓடுகளைப் பார்த்தான், அவள் கையிலிருந்த தோசைக் கரண்டியைப் பார்த்தான். "ஏட்டி புஷ்பம், நீயே வீட்ட இடிக்க ஆரம்பிச்சிட்டியா? எறங்கு, உள்ள போயிப் பேசுவோம், தெருவுல வேண்டாம்." "தெருவுலதான் அண்ணே பேசணும். தெருவுலதான கத்துனேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு எதிர்வீட்டைப் பார்த்து, ஜூன் மாதம் போன அதே உயரத்துக்குக் குரலை ஏற்றினாள். "அன்னபாக்கியம் அக்கா, கேட்டுக்கிடுங்க! கொம்பையா வேலையில ஒரு தப்பும் இல்ல! நான்தான் அடம்பிடிச்சுப் பாலு தேய்க்கச் சொன்னேன், நான்தான் சுவர நனைக்காம விட்டேன்! வீடு கல்லு மாதிரி நிக்கி!" அக்காவின் கையில் இரண்டாவது காப்பி டம்ளர் பாதியில் நின்றது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன, பார்க்கட்டும் என்றுதான் அவளும் கத்தினாள். இன்ஜினியர் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க இறங்குங்கம்மா, நான் பாக்குறேன்" என்றார். அவள் இறங்கியதும் அவர் ஏறினார், தட்டினார், தண்ணீர் பீய்ச்சினார், அவளைப் போலவே காத்திருந்தார், ஒன்பதாம் நம்பர் ஓட்டைக் கையில் வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "சார், இது வெறும் மேல்பூச்சு. போட்டோவுல பாத்து நான் சொன்னது தப்பு" என்றார் அண்ணனிடம். நல்ல மனுஷன், ஒரே வரியில் சொல்லிவிட்டார், அதற்கு அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது. அண்ணன் தாடையைத் தடவினான். "அப்ப மைனிட்ட என்ன சொல்ல?" "அந்த ரெண்டு தட்டுலயும் அவ சேலையவே அடுக்கிக்கிடச் சொல்லுங்க." அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. கொம்பையா இந்த முறை வாசல் வரை ஓட்டிக்கொண்டே வந்தார். யாரையும் பார்க்கவில்லை, நேரே சுவரிடம் போனார், ஓடு உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பார்க்கிற மாதிரி. "மேல் பாலு முழுசையும் செதுக்கி எடுத்துரணும். அப்புறம் நல்லா நனைச்சிட்டு, மெல்லிசா மணல் பூச்சு ஒரு கை. சொரசொரன்னுதான் இருக்கும், டீச்சரம்மா." "இருக்கட்டும். முழங்கைய ஒரசிக்கிட்டு ஓடுத வயசா எனக்கு?" "ஏழு நாளு நனைக்கணும்." "பதினாலு நாளு நனைக்கேன்." கொம்பையா சுவரின் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலால் ஏதோ ஒரு புள்ளியைத் தொட்டார், அப்புறம் ஒரு முழம் தள்ளி இன்னொரு புள்ளியை, அப்புறம் இன்னொன்றை. வயர் ஓட்டிய ஆணித் துளைகள். வரிசையாய் இருந்தன, பத்து மாதமாய் அவள் கண்ணில் படாமல் வரிசையாய் இருந்தன. "லைட்டு கட்டிராதீங்க" என்றார். அவளுக்கு முகம் சுட்டது. "உமக்குத் தெரியுமா? அன்னைக்கே தெரியுமா?" "என் பூச்சுல ஓட்ட விழுந்தா எனக்குத் தெரியாதா?" "அப்ப ஏன் சொல்லல? அத்தன பேரு முன்னால நான் அந்தப் பேச்சுப் பேசும்போது, லைட்டு கட்டி நனைக்காம விட்டது நீங்கதான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டினார். "மொத மொதல்ல சொந்த வீடு கட்டினவங்க லைட்டு போடாம என்ன செய்வாங்க டீச்சரம்மா" என்றார், "அதப் போயி நாலு பேரு முன்னால எப்படிச் சொல்ல?" தங்கபுஷ்பத்துக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. எதிரே அன்னபாக்கியம் அக்கா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தாள், வந்தவள் அவளிடம் வரவில்லை, கொம்பையாவிடம் போய், எங்க காம்பவுண்டு செவுத்தையும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன், அந்த ஆளு போட்டது பொறிஞ்சு கொட்டுது என்றாள். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டான், கொம்பையா உளியோடு ஏறினார், மேலேயிருந்து ஓடுகள் பொலபொலவென்று விழத் தொடங்கின. தங்கபுஷ்பம் ஒன்பதாம் நம்பரைப் பத்திரமாய் உள்ளே கொண்டுபோய், நடு ஹாலில் சும்மா இருந்த அந்த ஆணியில் ஒரு நூல் கட்டி மாட்டினாள். பிறகு, பிப்ரவரியில் சுருட்டி வைத்த ஹோஸை எடுத்துக்கொண்டு வந்து குழாயில் மாட்டினாள்.